கண்ணாடிப் பெட்டியில் இரண்டு துப்பாக்கிகள்

ஆனியிலும் ஆடியிலும் தென்காசியில் காகிதத்தை நம்ப முடியாது இன்ஸ்பெக்டர் மேடம். சாரல் அடிக்கிற நாளில் பதிவேட்டைத் திறந்தால் பக்கங்கள் ஈரத் துணி மாதிரி மடங்கும், மை பரவும். நீங்கள் எழுதச் சொல்லிக் கொடுத்த தாளும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் வாயால் சொல்லிவிடுகிறேன், உங்கள் எழுத்தர் கணினியில் அடித்துக்கொள்ளட்டும். நானும் எழுத்தராக இருந்தவன்தான். நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

என் பெயர் குத்தாலிங்கம். வீடு குத்துக்கல்வலசையில். இந்த வைகாசியோடு நீதிமன்ற வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். கடைசிப் பதினான்கு வருஷம் வழக்குச் சொத்து அறை என் பொறுப்பு. குற்றம் நடந்த இடத்தில் போலீசார் கைப்பற்றுகிற பொருளெல்லாம் அங்கேதான் வரும். அரிவாள், கம்பு, ரத்தம் காய்ந்த சட்டை, மோட்டார் சைக்கிள், ஒரு வழக்கில் அம்மிக்குழவி. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய அட்டை கட்டி, அரக்கு முத்திரை வைத்து, அடுக்கில் வைப்பேன். எந்த மூலையில் எது இருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் விடுப்புக் கேட்டால் நீதிபதிகளே கொஞ்சம் யோசிப்பார்கள்.

வழக்கு முடிந்த ஆயுதங்களை உடைத்து உருக்குவதுதான் முறை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தை மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் சிலர் சேர்ந்து நாற்கரச் சாலையோரம் ஒரு படை வரலாற்று அருங்காட்சியகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பறிமுதலான பழைய ஆயுதங்களில் வரலாற்று மதிப்பு உள்ளவற்றை உருக்காமல் தங்களுக்குத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மேலிடம் சம்மதித்தது. பட்டியல் தயாரிக்கிற வேலை என்னிடம் வந்தது.

அவர்களுடைய காப்பாளர் ரிஃபாத் வந்து பார்த்தார். முப்பது வயது இருக்கும். பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துப்பாக்கியையும் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார். "இதையெல்லாமா சார் உருக்க இருந்திய?" என்று கேட்டார். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. அவருக்கு எதுவும் தெரியாது. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினாறு துப்பாக்கி, இரண்டு வாள், துப்பாக்கி முனையில் மாட்டுகிற பயனெட் கத்தி ஒன்று என்று தேர்ந்தெடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் துப்பாக்கிகளைச் சுட முடியாதபடி ஆக்க வேண்டும். குழாய்க்குள் இரும்புக் கம்பியைச் செருகி வெல்டிங் வைப்பார்கள். விசையை இழுத்தால் வந்து அடிக்கிற குதிரையின் மூக்கை ராவி எடுத்துவிடுவார்கள். ஆயுதப்படைக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு அது வெறும் இரும்பும் மரமும்தான். அதை வைத்து எந்தச் சோதனையும் செய்ய முடியாது. யாரும் செய்யவும் நினைக்கமாட்டார்கள்.

அந்தப் பதினாறில் ஒன்று என் பாட்டனாருடையது.

அது பறிமுதலான துப்பாக்கி இல்லை. 1987ஆம் வருஷத்து வழக்கு ஒன்றில் 'நாட்டுத் துப்பாக்கி ஒன்று' என்று பதிவேட்டில் இருந்தது. அறையில் அது கறையான் தின்று, குழாயும் இற்று, ஒரு சாக்குக்குள் தூளாகக் கிடந்தது. அதன் அட்டையை அவிழ்த்து என் பாட்டனார் துப்பாக்கியில் கட்டினேன். சாக்கைக் குப்பைக்கு அனுப்பினேன். செய்தது அவ்வளவுதான். கிணற்றில் போட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். தண்ணீர் வற்றினால் கிணற்றைத் தூர்வாருவார்கள். மண்ணில் புதைத்தால் பன்றி கிளறும். அதுவும் போக, நான்கு தலைமுறையாக எங்கள் கையில் இருந்தது, உடைக்க எனக்கு மனசு வரவில்லை. கண்ணாடிக்குள் எண்ணெய் போட்டு, விளக்குப் போட்டு, காவலுக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்றால் அதைவிட நல்ல இடம் எது.

ஏன் ஒளிக்க வேண்டியிருந்தது என்று சொல்கிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆனி மாதம், பண்பொழிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் பேராச்சி என்ற பெண் சுடப்பட்டுக் கிடந்தாள். நாற்பது வயது. கணவன் இல்லை, ஒரு மகள் உண்டு. தோப்புகளில் விழுந்த மட்டையைப் பொறுக்கி ஈர்க்கு கிழித்து விளக்குமாறு கட்டி விற்கிறவள். எங்கள் வீட்டுக்கும் மாதம் ஒன்று கொண்டுவந்து போடுவாள். அவள் கிடந்தது பெஞ்சமின் தோப்பில். பெஞ்சமினிடம் பன்றி விரட்ட உரிமத்தோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. இரண்டு நாள் முன்னால்தான் டீக்கடையில் வைத்து, "இனி எந்தோப்புல கால வச்சே, சுட்டுப்போடுவேன் பாத்துக்கோ" என்று பேராச்சியைப் பார்த்துச் சத்தம் போட்டிருந்தார். கோபக்காரர். பேசுவாரே தவிர ஒன்றும் செய்யமாட்டார். மறுநாளே அவள் பிள்ளைக்குத் தேங்காய் கொடுத்தனுப்புகிற ஆள். ஆனால் டீக்கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள், எட்டுப் பேரும் காதில் கேட்டதைச் சாட்சி சொன்னார்கள்.

பெஞ்சமின் தோப்புக்கும் எங்கள் தோப்புக்கும் நடுவில் ஓர் ஓடைதான்.

அவளைச் சுட்டது என் மகன் விஜயசங்கர். அன்றைக்கு அவனுக்கு இருபத்து நான்கு வயது. வேளாண்மைத் துறைத் தேர்வில் தேறி, பணி ஆணைக்காகக் காத்துக்கொண்டிருந்தான். சும்மா இருக்கிறானே என்று தோப்புக் காவலுக்கு நான்தான் அனுப்பினேன். பரணில் கிடந்த துப்பாக்கியை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். உரிமம் கிடையாது. பன்றியைப் பயமுறுத்தத்தானே என்று நினைத்தேன். விடியற்காலை, சாரல், புகைமூட்டமாக இருந்திருக்கிறது. புதருக்குள் மட்டை இழுபடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. சுட்டுவிட்டான்.

என்னைப் போனில் கூப்பிட்டான். "அப்பா, தோப்புக்கு வாங்கப்பா. பன்னின்னு நெனச்சேம்பா" என்று மட்டும் சொன்னான். நான் இருபது நிமிஷத்தில் போய்விட்டேன். நான் போனபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவனை வீட்டுக்கு அனுப்பினேன். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்தேன். பேராச்சியையும் அவள் கட்டி வைத்திருந்த மட்டைக் கட்டையும் ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். தூரம் அதிகமில்லை. முப்பது அடி இருக்கும்.

ஒரு விஷயத்தில் நான் தெளிவாக இருந்தேன் மேடம். பெஞ்சமினுக்குத் தண்டனை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் இல்லை. சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுத்து விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். நாட்டுத் துப்பாக்கி ரவையை வைத்து இந்தத் துப்பாக்கிதான் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் சர்வீசில் அப்படி விடுதலையானவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் சிரமப்படுவார், பிறகு வெளியே வருவார், யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டேன்.

என் மகன் அப்படி நினைக்கவில்லை. பெஞ்சமினைக் கைது செய்த அன்று என்னிடம் வந்து, "ஸ்டேஷனுக்குப் போவோம்பா, நானே சொல்லிருதேன்" என்றான். ஆணை வரட்டும் என்றேன். ஆணை வந்தது, ராயகிரியில் வேலை. அப்போதும் கேட்டான். தகுதிகாண் காலம் முடியட்டும் என்றேன். கவனக்குறைவால் நேர்ந்த சாவு, உரிமம் இல்லாத துப்பாக்கி, இரண்டுக்கும் சேர்த்துச் சில வருஷம் கிடைத்திருக்கும். வேலை போயிருக்கும். அதைத்தான் நான் தடுத்தேன்.

வழக்குச் சொத்து என் அறைக்கு வந்தபோதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. பொட்டலம் ஐந்தில், மட்டைக் கட்டோடு, 'மரச் சில்லு ஒன்று' என்று எழுதியிருந்தது. விரல் நீளம். ஒரு பக்கம் கறுப்பு மெருகு. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சுட்ட பதற்றத்தில் என் மகன் துப்பாக்கியைப் பாறையில் போட்டிருக்கிறான். துப்பாக்கியின் மரக்கட்டையில் தோளில் ஊன்றுகிற முனை சிதறி, மட்டைக் கட்டுக்குள் விழுந்திருக்கிறது. அந்த மட்டைக் கட்டை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். போலீசார் அதைத் தென்னங்குச்சி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துப் பொட்டலம் போட்டுவிட்டார்கள். நான் முத்திரை வைத்து அடுக்கில் வைத்தேன். எட்டு மாதம் அது அங்கேயே இருந்தது. அது பெயர்ந்து வந்த துப்பாக்கி, அருங்காட்சியகப் பட்டியலில் சேர்க்கும்வரை, என் வீட்டுப் பரணில் இருந்தது.

பெஞ்சமினுக்கு வாதாடிய வக்கீல் ஜெஸியை உங்களுக்குத் தெரியும். அப்போது அந்தப் பெண் தொழிலுக்கு வந்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. மற்ற வக்கீல்கள் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பார்கள். அவள் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தாள். சில்லை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். பெஞ்சமின் துப்பாக்கியைக் கேட்டு வாங்கிக் கட்டையைத் தடவிப் பார்த்தாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை. "அண்ணாச்சி, இது வேற துப்பாக்கிலேருந்து வந்ததுல்லா" என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் வெளியே வந்துவிடுவார் என்று.

அன்று மாலை நிதானமாக யோசித்தேன். வேறு துப்பாக்கி என்று நீதிமன்றம் சொன்னால் பெஞ்சமின் போவார். பிறகு அந்த வேறு துப்பாக்கியைத் தேடுவார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் யார் தோப்பு என்று பார்ப்பார்கள்.

சில்லையும் துப்பாக்கியையும் திறந்த நீதிமன்றத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஜெஸி மனுப் போட்டாள். திங்கட்கிழமை இரண்டையும் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்தது. சனிக்கிழமை மத்தியானம், அருங்காட்சியகப் பட்டியல் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனேன். அது பொய்யில்லை. பதினாறு துப்பாக்கிக்கும் அட்டை எழுதுகிற வேலை உண்மையிலேயே பாக்கி இருந்தது. அதை முதலில் முடித்தேன்.

பிறகு பெஞ்சமின் துப்பாக்கியின் கட்டையை உடைத்தேன். உளியால் வெட்டினால் தெரிந்துவிடும். ஓரத்தில் உளியை ஊன்றி ஒரே தட்டில் பெயர்த்தேன். புது மரம் வெளுப்பாகத் தெரியும் என்பதால் பால் விடாத கட்டன் டீயும் விளக்கெண்ணெயும் கலந்து தடவிக் காயவிட்டேன். பெயர்ந்து வந்த துண்டைப் பொட்டலம் ஐந்தில் வைத்தேன். அதில் இருந்த பழைய சில்லை எடுத்துக்கொண்டேன். அரக்கும் முத்திரையும் என் மேஜையில்தானே இருந்தன. எல்லாம் முடிய ஒன்றே கால் மணி நேரம் ஆனது. மேஜையைத் துடைத்துவிட்டு அறையைப் பூட்டினேன்.

பழைய சில்லை எங்கள் துப்பாக்கியிலேயே பசை வைத்து ஒட்டி மெருகு போட்டேன். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது முழுசாக இருக்க வேண்டும் அல்லவா. அந்த ஒட்டுக் கோட்டைத்தான் நீங்கள் போன வாரம் கண்டுபிடித்தீர்கள்.

திங்கட்கிழமை ஜெஸியே துண்டைக் கையில் எடுத்தாள். கட்டையில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். பிறகு நீதிபதியிடம், "போன மாசம் நான் பாத்தப்போ இது உடையாம இருந்துச்சுங்கய்யா" என்றாள். அப்படி எங்கேயாவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை. போலீசார் கைப்பற்றியபோது எழுதிய மகஜரில் 'பழைய நாட்டுத் துப்பாக்கி ஒன்று' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. ஆய்வகத்தில் குழாயை மட்டும்தான் படம் எடுத்திருந்தார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூண்டிலிருந்து பெஞ்சமின், "எம்மா, என் துப்பாக்கி எப்பம் ஒடஞ்சிச்சு?" என்று அவளிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தன் பொருள் உடைந்துவிட்டதே என்கிற மாதிரிக் கேட்டார்.

ஆவணி மாதம் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

அதற்கு முன்பே, சித்திரையில், அருங்காட்சியகத்துக்கு ஒப்படைக்கும் விழா நடந்தது. மேஜைமேல் பச்சைத் துணி விரித்துப் பதினாறையும் வரிசையாக வைத்திருந்தோம். பெரிய அதிகாரி ஒருவர் எங்கள் துப்பாக்கியைத்தான் கையில் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். மற்றவற்றைவிட அது பளபளப்பாக இருந்தது. எனக்குச் சால்வை போட்டார்கள். ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் என் கையைப் பிடித்து, வரலாற்றைக் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்றார். என் மனைவி ஜோதிலட்சுமி அந்தப் படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினாள். படத்தில் மேஜைமேல் இருப்பவை சின்னதாகத்தான் தெரியும். என் மகன் அதை உற்றுப் பார்த்ததில்லை. துப்பாக்கியைக் கிணற்றில் போட்டுவிட்டதாக அவனிடம் சொல்லியிருந்தேன்.

பெஞ்சமின் மனைவி ரூபிக்கு என்னால் முடிந்ததைச் செய்தேன். ரேஷன் கடைக்குப் போக ஆள் இல்லாதபோது நானே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிறையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, சிகிச்சைக்காக வீட்டுக்கு அனுப்பக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். நான்கு பக்கம். என் சர்வீசில் நான் எழுதியதிலேயே நல்ல மனு அதுதான். குற்றமற்றவர் என்ற வார்த்தையை மூன்று இடத்தில் போட்டிருந்தேன். ரூபி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஊரே விட்டுட்டுப் போயிட்டு, நீங்க ஒராள்தான் நிக்கிய" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. நான் நடிக்கவில்லை மேடம்.

மனுவுக்குப் பதில் வருமுன்னே, போன மார்கழியில், பெஞ்சமின் இறந்துவிட்டார். மேல்முறையீடும் அவரோடு முடிந்தது. அடக்கத்துக்குப் போயிருந்தேன். என் மகனும் வந்தான். குழிக்குள் மண் போடுகிற இடத்தில் அவன் கையில் மண்ணை அள்ளினான், போடவில்லை. வீடு வரும்வரை கைக்குள்ளேயே வைத்திருந்தான்.

வழக்கு முடிந்ததால் பெஞ்சமின் துப்பாக்கியும் அழிக்க வேண்டிய பட்டியலுக்கு வந்தது. அந்த நேரத்தில் ரிஃபாத் இரண்டாவது தடவை கடிதம் எழுதியிருந்தார். குற்றமும் துப்பாக்கியும் என்று தனியாக ஒரு பகுதி வைக்கப் போவதாகவும், வழக்கு விவரத்தோடு ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டார். உருக்கினால் அந்த மனிதருடையது என்று ஒரு பொருளும் மிஞ்சாது என்று எனக்குத் தோன்றியது. ஓய்வு பெறுவதற்கு முன்னால் நான் செய்த கடைசி வேலை அதுதான். விளக்க அட்டையை நானே எழுதினேன். 'நாட்டுத் துப்பாக்கி. பண்பொழி கொலை வழக்கில் பயன்படுத்தப்பட்டது. உரிமையாளர் ஆ. பெஞ்சமின், ஆயுள் தண்டனை பெற்றவர்.' நீதிமன்றத் தீர்ப்பில் உள்ளதைத்தான் எழுத முடியும். நானாக எதையும் சேர்க்கவில்லை.

இரண்டும் ஒரே ஊர்ப் பக்கத்துத் துப்பாக்கி என்பதால் ரிஃபாத் அவற்றை ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். அது எனக்குத் தெரியாது.

ஆடி பிறந்த வாரம் என் மகன் மதுரைக்கு அலுவலகப் பயிற்சிக்குப் போயிருந்தான். திரும்பி வரும்போது கூட வந்தவர்கள் அருங்காட்சியகம் பார்க்கலாம் என்று வேனை நிறுத்தியிருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தான். ஜோதிலட்சுமி கோயிலுக்குப் போயிருந்தாள்.

"கெணத்துல போட்டேம்னு சொன்னியளேப்பா" என்றான்.

நான் தெருக்கதவைச் சாத்தினேன்.

"அவரு துப்பாக்கி பக்கத்துலயே இருக்கு. கட்டை ஒடஞ்சிருக்கு. நம்மளதுல்லாப்பா ஒடஞ்சிச்சு. நான்தானே பாறையில போட்டேன். நம்மளது முழுசா இருக்கு. அவருது ஒடஞ்சிருக்கு."

"ஒனக்காகத்தாம்லே செஞ்சேன்."

"நான் கேட்டனா? நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஸ்டேஷனுக்குப் போவோம்னு கேட்டேன். எத்தன தடவ கேட்டேன்."

"செத்தவருக்கு இனி என்ன ஆவப்போவுது. ஒனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்."

அவன் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். பிறகு, நான்கு வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டான். "நீங்க ஆம்புலன்சக் கூப்பிட்டியளாப்பா? பால்காரருதான் மொதல்ல பாத்தாருன்னு கோர்ட்ல சொன்னாவளாம். ஆம்புலன்ஸ் வந்திருந்தா பால்காரரு எப்படி மொதல்ல பாப்பாரு?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். மாவு இருந்தது. தோசை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். "பயணக் களைப்புல பேசுதே. சாப்பிடு, காலைல பேசுவோம்" என்றேன். அவன் சாப்பிட்டான். இரண்டு தோசை சாப்பிட்டான். அதை வைத்துத்தான் சரியாகிவிட்டான் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போனான். மேலே செண்பகாதேவி அருவிக்குப் போகிற காட்டுப் பாதையில் ஆட்களை விடுவதில்லை. அவன் எப்படியோ போயிருக்கிறான். நல்ல தண்ணீர் காலம், பாறையெல்லாம் பாசி. பதினோரு மணிக்கு வனத்துறை ஆட்கள் கீழே கண்டெடுத்தார்கள். என்னைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொன்னார்கள். முகத்தில் ஒரு காயமும் இல்லை. சட்டைப் பையில் அலுவலக அடையாள அட்டை நனைந்து போயிருந்தது. ஜோதிலட்சுமி அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அவளுக்கு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. முன்னறையில் மாட்டியிருந்த படத்தை மட்டும் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள்.

அன்று காலை அவன் தென்காசித் தபால் நிலையத்தில் ஜெஸிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறான். அந்தக் கடிதத்தைத்தான் நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். எழுத்து அவனுடையதுதான். ஒப்புக்கொள்கிறேன். 'நான் கிளம்பியபோது அவள் உயிரோடு இருந்தாள்' என்று ஒரு வரி அடிக்கோடு போட்டிருப்பதாகச் சொன்னீர்கள்.

அதற்கு வருகிறேன். நான் போனபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன். அது சரியான வாக்கியம் இல்லை. மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் போனபோது பேராச்சி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்கு மேலே அடி. என் மகன் தன் சட்டையைக் கழற்றி வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். நான் கூப்பிடுகிறேன், நீ வீட்டுக்குப் போ என்றேன். போனான். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அண்ணாச்சி, தெரியாம வந்துட்டேன்" என்றாள். சுடப்பட்டவள் அவள். மன்னிப்பும் அவளே கேட்டாள்.

போன் என் பையில் இருந்தது. எடுத்தேன். பிழைத்தால் அவள் யார் சுட்டது என்று சொல்வாள் என்று தோன்றியது. திரும்பப் பையில் வைத்தேன். அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கினேன். கனம் இல்லாத உடம்பு. "ஆஸ்பத்திரிக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லா இருப்பிய" என்றாள். ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் அவள் காலில் பட்டுக் குளிர்ந்திருக்க வேண்டும், என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெஞ்சமின் தோப்பில் ஒரு தென்னையடியில் உட்கார வைத்தேன். வண்டி வருகிறது என்று சொன்னேன். மகள் பள்ளிக்கூடம் போகணும், எழுப்பிவிட ஆள் இல்லை என்றாள். அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் இருந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். தனியாக விடவில்லை.

ஆக, பேராச்சியைச் சுட்டது என் மகன். கொன்றது நான். பெஞ்சமினைச் சிறையில் வைத்ததும் நான். இதில் எதற்கும் நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்தக் கடிதத்தை வைத்து என் மகன் சாவைத் தற்கொலை என்று எழுதாதீர்கள் மேடம். பாசியில் வழுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். அவனுக்கு என்னிடம் ஒளிவு மறைவு கிடையாது. மனசில் அப்படி ஒரு எண்ணம் இருந்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.